ஜில்லுக்கு உடம்பு சரியில்லை

"ராத்திரி முழுக்க ஜில் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். பாவம், அவளுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது" என்றார் கிளிஃபர்ட், வாசலில் செருப்பைத் தட்டிக்கொண்டே.

மேவிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. விடிந்தபின் வீடு திரும்பும் புருஷன் இன்னொருத்தியின் பெயரைச் சொன்னால் வேறு ஊரில் தட்டு பறந்திருக்கும். யார்க்‌ஷரில், அதுவும் அந்தக் கம்பளி ஆலை ஊரில், பெண்டாட்டிக்குக் கொட்டாவிதான் வரும்.

அந்தப் பக்கத்தில் பெண் ஃபெரெட்டை ஜில் என்றுதான் சொல்வார்கள். ஆண் என்றால் ஹாப். கீரி மாதிரி நீளமாக இருக்கும். முயல் வளைக்குள் விட்டால் உள்ளே இருக்கிற முயலை வெளியே விரட்டும். ஊரில் பாதி ஆண்பிள்ளைகள் கூண்டு கட்டி வைத்து அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் கொஞ்சியிருக்க மாட்டார்கள்.

கிளிஃபர்டும் ஒன்று வைத்திருந்தார். மேவிஸ் அதை வீட்டுப்படி ஏறவிட்டதில்லை. அதன் நாற்றம் திரைச்சீலையில் ஏறினால் எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அதனால் கிளிஃபர்ட் ஆற்றோரம் வாடகைக்கு எடுத்திருந்த காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் கூண்டை வைத்தார். முதலில் சாயங்காலம் ஒரு நடை போய் வந்தார். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு வருவது நின்றது. இப்போது படுக்கைக்கும் வருவதில்லை. ஜில்லுக்குப் பசியில்லை, ஜில் தனியாக இருக்கப் பயப்படுகிறாள், ஜில்லுக்கு இருமல் என்று தினமும் காலையில் ஒரு செய்தி மட்டும் தவறாமல் வந்தது.

எல்லாவற்றையும் மேவிஸ் அப்படியே நம்பினாள். பொய் சொல்லக்கூட ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது இந்த மனுஷனுக்கு ஏது என்பது அவள் எண்ணம். துவைக்கப் போடும் அவர் சட்டையில் கொஞ்ச நாளாக லாவெண்டர் சோப்பு வாசம் அடித்தது. கட்டினவளுக்கு ஒரு வாய் தேநீர் போட்டுக் கொடுக்கத் துப்பில்லை, அந்தச் சனியனை மட்டும் சோப்பு போட்டுக் குளிப்பாட்டுகிறார் என்று தங்கை பெரிலிடம் சொல்லிச் சிரித்தாள்.

பெரில் சிரிக்கவில்லை. ஒரு தடவை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

"எதுக்கு? அவர் அதுக்குத் தாலாட்டுப் பாடறதைக் கேட்கவா? அந்த மூஞ்சிக்கு ஃபெரெட்டே பெரிய இடத்துச் சம்பந்தம்டி" என்று மேவிஸ் வாயை அடைத்துவிட்டாள்.

ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்யாணத்துக்கு வெள்ளி விழா. சர்ச் கூடத்தைக் கேட்டு வாங்கியாயிற்று, மாட்டிறைச்சிக்குச் சொல்லியாயிற்று, சாதி சனமெல்லாம் வருகிறது. அதை ஞாபகப்படுத்தினாள்.

கிளிஃபர்ட் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தபடி இழுத்தார். "வரப் பாக்கறேன் மேவிஸ். ஜில்லை இந்த நிலைமையில விட்டுட்டு எப்படின்னுதான்..."

மேவிஸுக்கு முதல்முறையாக நெஞ்சில் சுருக்கென்றது. அவளுக்குப் புருஷன் வேண்டும். திட்டுவதற்காவது வேண்டும். எதிர் நாற்காலி காலியாகக் கிடக்கத் தனியாகச் சாப்பிட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. போயும் போயும் ஒரு நாற்றம் பிடித்த பிராணியிடமா அவரைப் பறிகொடுப்பது?

அவர் ஆலைக்குக் கிளம்பியதும் அவள் அடுப்பங்கரைக் கையுறையை மாட்டிக்கொண்டு, மூடிபோட்ட பிரம்புக் கூடையுடன் தோட்டத்துக்கு நடந்தாள். கொட்டகை பூட்டவில்லை. கூண்டுக்குள் வைக்கோலுக்கு அடியில் அது சுருண்டு கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டு, கையில் கிடைத்த இடத்தைப் பிடித்துக் கூடைக்குள் தள்ளினாள். படுத்த படுக்கையாக இருக்கிறாளாம். தூக்கினால் தடிமாடு கனம் கனத்தது.

ஊரில் ஃபெரெட்டைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் வில்ஃப் கிழவரிடம்தான் போவார்கள். மதுக்கடைக்குப் பின்னால் அவர் வீடு. முற்றத்தில் கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர், மேவிஸை அந்தக் கையுறையோடு பார்த்ததும் குழாயை மூடினார்.

மேவிஸ் கூடையை அவர் காலடியில் வைத்தாள். இந்தச் சீமாட்டிக்குச் சீக்காம், அதற்குப் பணிவிடை செய்ய இவர் ராத்திரியெல்லாம் கண் விழிக்கிறாராம் என்று நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கிளிஃபர்டுக்குத் தெரியாமல் வேறு ஊர்க்காரர் யாரிடமாவது இதைத் தள்ளிவிட வேண்டும் என்றாள்.

"இந்த ஜில் என் குடியையே கெடுத்துட்டா, வில்ஃப். இவ தொலைஞ்சாத்தான் அவர் வீட்டுக்கு வருவாரு. இன்னிக்கு ராத்திரி அவரு என் வீட்டுலதான் தூங்கணும்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அது அவளுக்கே பிடிக்கவில்லை.

வில்ஃப் மூடியைத் திறந்து, பிடரியைப் பிடித்து அதைத் தூக்கினார். அது சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. காய்ச்சல் இருக்கிறதா என்று காதைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மல்லாத்தி வயிற்றைப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"என்ன, நோயாளி எப்படி இருக்கா?" என்று மேவிஸ் உதட்டைச் சுழித்தாள்.

வில்ஃப் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இது ஜில் இல்ல கண்ணு. ஆம்பளை."