எடைக்குப் போட்ட கார்புரேட்டர்

"கொடுக்கறதுக்கில்ல ஸ்வாமி. இன்னொருத்தருக்குச் சொல்லியாச்சு."

கெம்பையன் கன்னடத்தில் சொன்னார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. மைசூரில் பழைய வண்டிச் சாமான் வேண்டுமென்றால் எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் அவருடைய பழைய இரும்புக் குஜரிக் கடையில்தான் வந்து நிற்க வேண்டும். அந்தத் திமிர்தான் என்று நினைத்துக்கொண்டார் நம்பி.

அந்தக் கார்புரேட்டர் மேஜைமேலேயே இருந்தது. 1951 மாடல் பிக்கப்புக்கானது. நம்பியின் வண்டியில் இருந்தது விரிசல் விட்டுவிட்டது. ஒட்டவைத்தால் நிற்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். நாற்பத்து மூன்று வருஷத்து வண்டிக்கு எந்தக் கடையில் போய்க் கேட்பது? மூன்று நாளாக நாயாய் அலைந்து இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"யாருக்குச் சொல்லியிருக்கீங்க?" நம்பியும் கன்னடத்தில் கேட்டார்.

"பெங்களூர் ஆசாமி ஒருத்தர். பழைய வண்டியெல்லாம் ஜோடிச்சு ஊர்வலமாப் போவாங்களே, அதுக்கு. நேத்து போன் பண்ணினார். சாயங்காலம் வர்றார்."

கூட வந்திருந்த மனைவி யதுகிரி நம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

மைசூர்த் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கடைக்காரர் மூக்குக்கு நேரேயே வீட்டு ரகசியம் பேசிக்கொள்ளலாம். சட்டென்று தமிழுக்குத் தாவினால் ஆயிற்று.

"ஏன்னா, உள்ளதைச் சொல்லிடுங்கோளேன்" என்றாள் யதுகிரி தமிழில். "நீங்க வேலை பாத்த ஃபாக்டரிய மூடிட்டா; இப்ப ஹாஸ்டலுக்குச் சமைச்சுப் போட்டுத்தான் வயிறு ரொம்பறதுன்னு சொல்லுங்கோ. மூணு நாளா சாப்பாட்டை ஆட்டோல அனுப்பி, ஒரு நாளாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா? திங்கக்கிழமையும் லேட்டானா கான்ட்ராக்ட் வேற ஆளுக்குன்னு வார்டன் சொல்லியாச்சு. அப்புறம் நாம என்ன பண்றது?"

"இவன்கிட்டயா? மூஞ்சியப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்சாப்பல. இவன் முன்னாடி நின்னு நான் மூக்கைச் சிந்தணுமா?"

"அப்ப வெறுங்கையோட போறதா?"

"பெங்களூர்க்காரர் அனுப்பின ஆள் நாமதான்னு சொல்லப்போறேன். இந்த அசடுக்கு என்ன தெரியப்போறது?"

"பெருமாளே! பொய்யா?"

"சித்த சும்மா இரு."

கெம்பையன் நட்டுகளை டப்பா டப்பாவாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு கன்னடத்துக்குத் திரும்பினார். "அந்தப் பெங்களூர் சார்தான் எங்களை அனுப்பினார்."

"அதை வந்ததுமே சொல்றதுக்கென்ன?"

"நீங்க வேற யாருக்கும் கொடுத்துடாம இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"அவர் பேர் என்ன?"

நம்பி இதை எதிர்பார்க்கவில்லை. பெங்களூரில் தெருவுக்கு நாலு ராவ் இருப்பார்கள். பட்டால் பட்டது என்று, "ராவ்" என்றார்.

கெம்பையன் அப்போதுதான் நிமிர்ந்தார். நம்பியைப் பார்த்தார். யதுகிரியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"ஹௌது, ஆமா. ராவ்தான்" என்றார் கெம்பையன்.

"விலை?"

"பழைய இரும்புதானே. எடைக்கு எடை."

தராசில் வைத்தார். அவர் கேட்ட தொகை நம்பியின் சட்டைப்பையிலேயே இருந்தது. அதோடு விடவில்லை. எழுந்துபோய்க் காகிதத்தில் சுற்றிய கேஸ்கெட் ஒன்றை எடுத்துவந்து மேலே வைத்தார்.

"இதுக்குக் காசு வேண்டாம். புதுசு போடாம மாட்டினா பெட்ரோல் ஒழுகும். இன்னிக்கே மாட்டிடச் சொல்லுங்க. நாளைக்கு ஞாயிறு, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துடலாம்."

கடை வாசலில் ஸ்கூட்டரை உதைத்தபடி நம்பி சிரித்தார். "பாத்தியா? நாலு நாழி சும்மா இருன்னா இருக்கமாட்டேங்கற. இதோட மதிப்பே தெரியலை அந்த அசடுக்கு."

"பாவம்னா அவர்."

"என்ன பாவம்? வியாபாரத்துக்கு வந்தா உஷாரா இருக்கணும்."

கார்புரேட்டரை மடியில் கட்டிக்கொண்டு யதுகிரி பின்னால் உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் அக்ரஹாரம் பக்கம் திரும்பி மறைந்தது.

கடைக்குள் தடுப்புக்குப் பின்னாலிருந்து கெம்பையனின் மனைவி சித்தம்மா வெளியே வந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகால் பக்கத்துத் தமிழில்:

"ஏனுங்க, நேத்து போன் பண்ணுனவரு பேரு சாய்கிருஷ்ணாதானுங்களே? ரெண்டாயிரம் தர்றேன்னாரு. அதப் போயி இரும்பு வெலைக்குப் போட்டுட்டீங்க?"

கெம்பையனும் அதே தமிழில்தான் பதில் சொன்னார்.

"அவருக்கு அது ஊர்வலம் புள்ள. இவங்களுக்குச் சோறு."

"சாயங்காலம் அவரு வந்து கேட்டா?"

"வித்துப்போச்சும்பேன். திட்டுவாரு, வாங்கிக்கறேன்."

சித்தம்மாவுக்கு ஆறவில்லை. "அது செரி. மூஞ்சிக்கு நேரா அசடுங்கறாரு, கேட்டுக்கிட்டுக் கம்முனு இருக்கீங்க. எனக்கும் தமிழ் தெரியுமுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் குடுத்தா என்னங்க?"

"சொல்லியிருந்தா, அந்தய்யா கூசிப்போயி வாங்காமயே போயிருப்பாரு."