சூடு ஆறும் முன்

பொம்மிடியில் தன் வீட்டு வாசலில், காரின் பானட்டைத் திறந்து வைத்து, இஞ்சினில் டர்போவை மூடியிருந்த வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான் தீர்த்தகிரி. தொட்ட இடமெல்லாம் சுட்டது.

மாதேஷ் இரும்புக் கம்பியோடு வந்தான். காலையில் அவன் தம்பி அன்பரசை ஏதோ ஒரு கார் அடித்திருந்தது. சாலையில் ரத்தம் கிடந்தது, தம்பியைக் காணோம். அங்கிருந்து பறந்தது தீர்த்தகிரியின் கார் என்று ஊரே சொன்னது.

“எந்தம்பிய எங்கடா போட்ட?”

“அண்ணா, ஒரு நிமிசம் கேளுங்க...”

“நான் லாரி ஓட்டறவன்டா. இஞ்சின் ஆறதுக்குள்ள எவன்டா தகட்டக் கழட்டுவான்? அடிபட்ட தடத்த மறைக்கறயா?”

கம்பி தோளில் இறங்கியது. ஒரே அடியில் தீர்த்தகிரி சுருண்டு விழுந்தான்.

“ஒரு அடி தாங்கல, உனக்கெல்லாம் காரு ஒரு கேடா? எந்திர்றா!” மாதேஷ் விலாவில் உதைத்தான். மறுபடி கம்பியை ஓங்கியபோது அவன் செல்போன் அடித்தது.

“அண்ணா, அன்பு பேசறேன். தர்மபுரி ஆஸ்பத்திரில இருக்கேன், பொழச்சுக்கிட்டேன். அடிச்சவன் நிக்காம போயிட்டான். தீர்த்தகிரி அண்ணன்தான் தூக்கியாந்து, ஒரு பாட்டில் ரத்தமும் குடுத்தாரு. வந்த வேகத்துல இஞ்சின்ல ஏதோ தகடு கழண்டு கடகடன்னு அடிச்சுது. அப்படியும் நம்ம ஆத்தாவக் கூட்டியாறேன்னு கெளம்பிட்டாரு. வந்துட்டாருங்களா?”

மாதேஷ் மண்ணில் உட்கார்ந்து, விழுந்தவன் தலையை மடியில் தூக்கி வைத்தான்.

தீர்த்தகிரி மெல்லக் கண் திறந்தான்.

“ஆத்தாவ ஏத்துங்கண்ணா. வண்டிய மட்டும் நீங்க ஓட்டுங்க, எனக்குத் தலை சுத்துது.”