ஆணியில் மாட்டிய ரொட்டி

சமர்கண்ட் சந்தையில் வண்ண மீன் விற்கும் போதிர் என்பவனுக்குக் காலையிலேயே சனோபர் அக்காவின் போன் வந்தது.

"தம்பி, மூணு மீன் செத்துப்போச்சு. ஒண்ணுதான் மிச்சம். அதாவது பொழைக்குமா?"

"புதுத் தொட்டிக்கா. தண்ணி பழகவே ஒரு மாசம் ஆகும். என்ன போட்டீங்க?"

"ராத்திரி ரொட்டியை நனைச்சு உதிர்த்துப் போட்டேன். முக்கால் ரொட்டி."

போதிர் தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணி நாறிடுமே. நீங்களே தின்னிருக்கலாம்ல?"

"அதை நான் தின்னக் கூடாது."

"தூக்கிப் போட்டிருக்கலாம்."

"ரொட்டியைத் தூக்கிப் போடுவியா நீ?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "சரி, பாதித் தண்ணியை மாத்துங்க. ஆசையா தொட்டி வச்சுட்டு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போயிருக்கான் உங்க பையன். வந்து மீன் எங்கேன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"



"கிளம்புறப்ப அவன் ஒரு வாய் கடிச்சுட்டு ஆணியில மாட்டிட்டுப் போன ரொட்டிப்பா அது."

"ஐயோ, அதை அவன் திரும்பி வந்துல்ல தின்னு முடிக்கணும்? எதுக்குக்கா எடுத்தீங்க?"

"நேத்து வந்துட்டான் தம்பி. பெட்டியில."