சந்தேக பட்டன்

“இந்த மாசத்துல மட்டும் நாற்பத்தொரு தடவை சந்தேக பட்டனை அமுக்கியிருக்கீங்க சார். ஒரு தடவையாவது அங்க தூசி இருந்துச்சா?”

ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருஷ சர்வீஸ். நான் அவருக்கு மேலதிகாரியாக வந்து மூன்றே மாதம்.

எங்களுடையது கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை. சிப்பில் பதிய வேண்டிய கோடெல்லாம் ஒரு கண்ணாடித் தகட்டில் இருக்கும். தகட்டில் தூசி விழாமல் மெல்லிய படலம் ஒன்றைப் போர்த்தியிருப்போம். அந்தப் படலத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இவர் வேலை. சந்தேகம் வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அடுத்த அறை ஆய்வாளர் வந்து, அவரும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரை தகடு நகராது.

அந்த அடுத்த அறைக்காரருக்கு எல்லாரும் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

“கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னேனே?”

சீட்டை நீட்டினார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில் ஒரு குறையும் இல்லை!

“அப்ப தெரிஞ்சேதான் அமுக்கினீங்களா? விளையாடறீங்களா சார்? திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க பேக்கிங் பிரிவுக்குப் போங்க.”

ஆள் பதறிப்போனார்.

“ஐயோ, வேண்டாம் மேடம்! பக்கத்து ரூம்காரருக்குச் சம்சாரம் போய் ரெண்டு வருஷமாச்சு. பிள்ளைங்க எங்கியோ தூரத்துல. இங்கயும் தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடிக்கிட்டு ஆளுக்கொரு ரூம். சாப்பிடவும் ஆள் மாத்தி ஆள்தான் போறோம். நான் கூப்பிடலைன்னா அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குப் போயிடுவாரு. பாவம் மேடம்.”

“உங்க வீட்ல யாரு இருக்கா?”

“நான் என்னிக்குமே ஒண்டிக்கட்டை. எனக்கென்ன மேடம், பழகிப்போச்சு” என்று சிரித்தார்.

நல்லா இருக்கே கதை! இவர் இரக்கப்பட என் வேலை நேரம்தான் கிடைத்ததா? மாறுதல் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு, உடை மாற்றும் அறையில் உம்மணாமூஞ்சியைப் பிடித்தேன்.

“தூசி இல்லாமலே அவர் உங்களைக் கூப்பிடறாரு. ஏன் சார் என்கிட்ட சொல்லலை?”

உத்தரவைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அவரை மாத்திடாதீங்க மேடம். தூசி இல்லைன்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா அவர் கூப்பிட்டப்பல்லாம் ஓடினீங்க?”

“பேச்சே பிடிக்காத ஆளு மேடம் நான். ஆனா பாவம், அந்த ஒண்டிக்கட்டைக்கு என்னை விட்டா பேச வேற யாரு இருக்கா? இன்னிக்கு அவர்கிட்ட என்ன பேசலாம்னு, காலையில பஸ் ஏறினதுலேர்ந்தே யோசிச்சுக்கிட்டு வரேன்.”