காக்கையின் சத்தமில்லாத விமானம்

ஒரு காக்கைக்குச் சொந்தமாக இரண்டு சிறகு இருந்தும், கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஆன்லைன் விளையாட்டில்தான் உயிர். அதற்கு நெட் வழியாகப் பேசி வழி சொல்வது அடுத்த தெருக் கோழி. அன்று போட்டி. விமானம் மேலே ஏறியும் எஞ்சின் சத்தமும் இல்லை, கோழியின் குரலும் இல்லை.

"ஸ்பீக்கர் போச்சு! நெட்டும் சரியில்லை!" என்று காக்கை கத்தியது.

சுவரிலிருந்த பல்லி எட்டிப் பார்த்தது. "வயரைச் சொருகியிருக்கீங்களாண்ணே?"

"சொருகியிருக்கேன்."

"சத்தத்தைக் கூட்டினீங்களா?"

"முழுசாக் கூட்டியாச்சு."

பல்லி திரையருகே இறங்கி வந்தது. "இந்த விளையாட்டோட ஸ்பீக்கர் படத்துல குறுக்குக்கோடு விழுந்திருக்கே. யாரு சத்தத்தை நிறுத்தினது?"

காக்கை தலையைச் சொறிந்தது. "நான்தான். நேத்து முழுக்க அந்தக் கோழி தப்பு, தப்புன்னே சொல்லிக்கிட்டிருந்துச்சு. பறக்கத் தெரியாதது எனக்குப் பாடம் நடத்துதேன்னு எரிச்சல் வந்துச்சு."

சொல்லிக்கொண்டே அந்தப் படத்தை அழுத்தியது.

"...வலப்பக்கம் திரும்புங்க! எதிர்ல மலை! எவ்வளவு நேரமாக் கத்துறேன்!" என்று கோழியின் கம்மிய குரல் பாய்ந்து வந்தது. அதற்குள் விமானம் மலையில் மோதிய சத்தம் அறையையே அதிர வைத்தது.

பல்லி 'ச்சு' கொட்டியது.

காக்கை அலகைத் தூக்கிக்கொண்டு சொன்னது: "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன இந்தக் கோழிக்கு?"