பத்த வச்ச தகடு

கப்பல் கட்டும் தளத்தின் வாசலில் நான்கு வருடம் காவல் வேலை பார்த்த சலேத்தம்மாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் படித்தாள். அதே தளத்தில் வெல்டர் வேலைக்கான தேர்வில் இரண்டு முறையும் அவள் பற்றவைத்த தகடு, வளைக்கும்போது இணைப்பில் விரிசல் விட்டது. இன்று மூன்றாவது முறை. இதற்குமேல் அனுமதி கிடையாது.

பரிசோதகர் அவளுடைய தகட்டை இயந்திரத்தில் வைத்து அழுத்தினார். தகடு மெல்ல வளைந்தது. சுற்றி நின்ற ஆண்கள் இன்னும் பக்கத்தில் வந்தார்கள். முன்பு இரண்டு முறை கேட்ட அந்தச் சின்னச் சத்தத்துக்காக அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. தகட்டின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. பரிசோதகர் வளைவின்மேல் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"முடி அளவுகூட விரியலம்மா. திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு."

"சார், அந்தத் தகட்ட நான் எடுத்துக்கிடட்டா?"

அவர் சிரித்தபடி கொடுத்தார்.

பேருந்தில் அதை மடியில் வைத்திருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, இரும்பா? வளஞ்சு கெடக்கு."

"ரெண்டு தகடு. நான்தான் ஒண்ணாப் பத்த வச்சேன்," என்ற சலேத்தம்மாள் அதைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "எங்க, பிச்சுப் பாரு."