ஊர் வீட்டுத் தட்டு

"யாரைக் கேட்டு இந்தப் பெட்டியைப் பிரிச்ச?"

வேலைக்குக் கடைசியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்த லிஃப்ட் மெக்கானிக், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

மனைவி பூப்போட்ட பீங்கான் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஊர் வீட்டுக்குன்னு வாங்கினதாச்சே!"

"நான் ஊருக்கு வரல."

கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'அடுத்த வருஷம்'. எப்போது கேட்டாலும், "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவேன்" என்பார். அந்த நினைப்பில் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. நல்ல சாமான் எல்லாம் ஊர் வீட்டுக்கு. இந்த நகரத்து வீட்டுக்கு நெளிந்த தட்டு போதும்.

"ஏன் வரல?"

"குழாயைத் திறந்தா சுடுதண்ணி வருது. பழகிப்போச்சு. இந்த வயசுல அங்க வந்து அல்லாட முடியாது."

"சொகுசு கண்ட உடம்பு! லிஃப்ட் குழியில நின்னு முட்டி தேஞ்சு, வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் கட்டின வீடுடி அது."

அவள் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினாள்.

"நீ இங்கேயே கிட. நான் போறேன்."

கோபம் அடங்காமல் வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டார். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகும் என்று அவர்தான் தம்பியைக் குடும்பத்தோடு அங்கே குடிவைத்திருந்தார்.

"உங்க அண்ணி வரமாட்டாளாம்டா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"எல்லாத்தையும் சொல்லிட்டாங்களாண்ணே? தப்பா நெனைக்காதீங்க. மருமக வந்தாச்சு, பேரன் பொறந்தாச்சு. நீங்களும் வந்தா நாங்க எங்க போவோம்னு போன வாரம் அண்ணிகிட்ட அழுதுட்டேன். 'அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்'னாங்க."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பரவால்லடா. நீங்களே இருங்க. நீ இதை என்கிட்ட சொன்னதா அண்ணிகிட்ட சொல்லிக்காத."

போனை வைத்தார். வீடு போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. இத்தனை வருஷமும் அவளை நெளிந்த தட்டிலேயே சாப்பிட வைத்துவிட்டோமே என்பதுதான் உறுத்தியது.

உள்ளே வந்ததும் சோபாவின் பிளாஸ்டிக் உறையை உருவி எறிந்துவிட்டு உட்கார்ந்தார்.

"யாருக்குப் போன்? தம்பிக்கா? என்ன சொன்னார்?" அவள் குரலில் பதற்றம்.

"வா வான்னு ஒரே பிடிவாதம். எனக்கும் சுடுதண்ணி பழகிடுச்சு, வரலைன்னுட்டேன். அந்தப் புதுத் தட்டுல ரெண்டு பேருக்கும் சோறு போடு."